பெங்களூரா, கோயம்புத்தூரா? சோமனூரிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): எனக்கு வயது 34. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் வந்ததிலிருந்து ஷிப்மென்ட் போகும் வரை கவனிக்கும் வேலை) இருக்கிறேன். இந்த லைனில் 11 வருடம், இந்தக் கம்பெனியில் 4 வருடம் 8 மாதம். கைக்கு 41,000 ரூபாய் வருகிறது. வீடு சோமனூரில். வீட்டுக்காரர் 16 தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறார். மகள் ஐந்தாவது படிக்கிறாள். மாமியாருக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது. வீட்டுக் கடனில் 16 லட்சம் பாக்கி, மாதத் தவணை 17,500. நகைக்கடன் மூன்றரை லட்சம். சேமிப்பு 60,000.

இப்போது இரண்டு வேலை கிடைத்திருக்கிறது. பெங்களூரில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக இங்கே ஆடை வாங்கிக் கொடுக்கும் ஒரு பையிங் ஆபீஸில் வருடத்துக்கு 13.2 லட்சம் சி.டி.சி. கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில், உள்நாட்டில் குழந்தைகள் உடை விற்கும் ஒரு கம்பெனியில் 7.8 லட்சம். பணம், மகள், மாமியார், வேலையில் முன்னேற்றம், வீட்டுக்காரர் தொழில், என் மனதிருப்தி எல்லாமே எனக்கு முக்கியம். ஒரு தடவையாவது பெரிய இடத்தில் வேலை பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. பெங்களூர் போனால் நான் மட்டும்தான் போக முடியும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்கள். எதற்குப் போகலாம்?

பதில்: 13.2 லட்சம் எங்கே, 7.8 லட்சம் எங்கே என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். உங்கள் சொந்தக்காரர்களும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் சி.டி.சி. என்பது கம்பெனிக்கு நீங்கள் எவ்வளவு செலவு என்ற கணக்கு. உங்கள் பேங்க் பாஸ்புக்கில் ஏறுவது வேறு. நீங்கள் அனுப்பிய இரண்டு ஆஃபர் லெட்டரையும் பிரித்துப் பார்த்தேன்.

பெங்களூர் லெட்டரில் 1,32,000 ரூபாய் வேரியபிள் பே. வருடம் முடிந்து, டார்கெட் பார்த்து, அவர்கள் மனது வைத்தால் வரும். கம்பெனி கட்டும் பி.எஃப். 79,200, கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தரும் பணிக்கொடைக்கு) என்று ஒதுக்கியது 31,750. இந்த மூன்றையும் கழித்தால் மாதம் 89,750. அதில் உங்கள் பங்கு பி.எஃப். 6,600, கர்நாடகத் தொழில் வரி 200 போக, கைக்கு வருவது 82,950. வருமான வரி இப்போதைக்கு இல்லை. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி கிடையாது. வேரியபிள் முழுசாக வந்தாலும் உங்கள் சம்பளம் 12.1 லட்சத்தில்தான் நிற்கும்.

கோயம்புத்தூரில் போனஸ் 32,500, பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் போக, உங்கள் பங்கையும் தொழில் வரியையும் பிடித்த பிறகு கைக்கு சுமார் 52,700.

30,000 ரூபாய் வித்தியாசம். இதுவே பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் இன்னும் பஸ் ஏறவில்லை.

பெங்களூரில் சாப்பாட்டோடு தனி அறை பி.ஜி. என்றால் 16,000 வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆபீஸ் இருக்கும் பகுதியில் அதற்குக் கீழே கிடைப்பது சிரமம். ஆபீஸ் போய்வர 2,500. மாதம் மூன்று தடவை வீட்டுக்கு வருவேன் என்கிறீர்கள். வந்தே பாரத் திருப்பூரில் நிற்கிறது என்று யாராவது சொல்வார்கள். நிற்கிறதுதான், ஆனால் பெங்களூரிலிருந்து அது சாயங்காலத்துக்கு முன்பே கிளம்பிவிடும் வண்டி, வெள்ளிக்கிழமை வேலையை முடித்துவிட்டு ஏறுகிறவர்களுக்கு ஆகாது. அப்புறம் ஸ்லீப்பர் பஸ்தான். வார இறுதியில் ஒரு நடைக்கு ஆயிரம் என்று போட்டால் மாதம் 6,000. மாமியாரால் அடுப்படியில் நிற்க முடியாது, சமையலுக்கு ஆள் வைக்க வேண்டும், 5,000. மொத்தம் 29,500. மிச்சம் 53,450.

கோயம்புத்தூர் வேலைக்கு நீங்கள் கருமத்தம்பட்டி வரை வண்டியில் போய், ஸ்டாண்டில் போட்டுவிட்டு, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். பெட்ரோல், ஸ்டாண்ட், டிக்கெட் எல்லாம் சேர்த்து 3,000 தாராளம். மிச்சம் 49,700.

ஆக வித்தியாசம் மாதம் 3,750 ரூபாய்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். இதே மாதிரி கேள்வி ஆண்களிடமிருந்தும் வருகிறது. அந்தக் கடிதங்களில் மாமியார் முழங்காலும் வராது, சமையல் ஆளும் வராது. அதையெல்லாம் வீட்டில் இன்னொருவர் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார். உங்கள் கணக்கில் அந்த 5,000 இருப்பதால்தான் உங்கள் கணக்கு நேர்மையாக இருக்கிறது.

இப்போது காலண்டரை எடுங்கள். வெள்ளி ராத்திரி பஸ், சனி விடியற்காலை கருமத்தம்பட்டியில் இறங்குவீர்கள், ஞாயிறு ராத்திரி மறுபடி பஸ். வீட்டில் படுப்பது சனிக்கிழமை மட்டும். மாதத்தில் மூன்று தடவை. மீதி 27 நாள் மகள் தூங்கப் போகும்போது நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள். 3,750 ரூபாயை 27ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 139 ரூபாய்.

நான் பெங்களூருக்கு எதிராகக் கணக்கை வளைக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்து நியாயத்தையும் போட்டுவிடலாம். அங்கே பி.எஃப்.பில் உங்கள் பங்கும் கம்பெனி பங்கும் சேர்ந்து மாதம் 5,400 ரூபாய் கூடுதலாகச் சேரும். வேரியபிள் பைசா குறையாமல் வந்தால், இங்கே கிடைக்கும் போனஸைக் கழித்தது போக மாதத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம். இரண்டையும் கூட்டினால் நல்ல வருடத்தில் ஒரு நாளுக்கு 650 ரூபாயைத் தொடும். வேரியபிள் வராத வருடத்தில், பி.எஃப்.பையும் சேர்த்தே 340க்குள். உங்கள் கேள்விக்கு உண்மையான விலைப்பட்டியல் இதுதான்: 139க்கும் 650க்கும் நடுவில் எங்கோ ஓர் எண்.

அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஆறு முக்கியங்களைப் பாருங்கள். பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று போட்டுப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உட்கார்ந்து மார்க் போட்டால் எல்லாரும் குடும்பத்துக்குப் பத்து போட்டுவிடுவார்கள். போன வருடம் இரண்டு முக்கியங்கள் மோதியபோது எது விட்டுக்கொடுத்தது என்று பாருங்கள். கடிதத்தின் நடுவில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மகளின் ஆண்டு விழா அன்று ஷிப்மென்ட், பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து வீட்டுக்காரர் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன், சத்தம் கேட்கவில்லை, அயர்ன் டேபிள் சத்தம்தான் கேட்டது என்று. அன்றைக்கு வேலை ஜெயித்தது. அது உங்களுக்குச் சரியாகப் பட்டதா, இன்னும் உறுத்துகிறதா? உறுத்துகிறது என்றால், ஒரு நாளுக்கு 139 ரூபாய் என்பது ரொம்பக் குறைச்சல். உறுத்தவில்லை, அந்த ஷிப்மென்ட்டை நான்தான் கரையேற்றினேன் என்ற பெருமைதான் நிற்கிறது என்றால், அதையும் மறைக்க வேண்டியதில்லை. பெங்களூர் உங்களுக்கான இடமாக இருக்கலாம். அதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் உங்கள் பட்டியலில் இல்லை, இருந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் தறியும் நூல், உங்கள் வேலையும் நூல். குடும்பத்தின் இரண்டு வருமானமும் ஒரே நூலில்தான் தொங்குகிறது. கூலி உயர்வு கேட்டு 2022லும் 2025லும் சோமனூர், பல்லடம் பக்கம் வாரக்கணக்கில் தறி நின்றது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது திருப்பூர் என்ன பாடு பட்டது என்பதையும் உள்ளே இருந்து பார்த்தவர் நீங்கள். பையிங் ஆபீஸ் முழுக்க முழுக்க வெளிநாட்டு ஆர்டரை நம்பியது. கோயம்புத்தூர் கம்பெனி உள்நாட்டில் விற்கிறது. ஜவுளி ஜவுளிதான், ஆனால் ஆர்டர் வரும் திசை வேறு. தறி ஓட்டும் வீட்டில் மாசச் சம்பளம் என்பது மழை இல்லாத வருடத்தில் வற்றாத கிணறு மாதிரி. அந்தக் கிணறு வேறு ஊற்றில் இருப்பது நல்லது. என் மனதில் தராசு கோயம்புத்தூர் பக்கம் சாய்வதற்கு இதுதான் பெரிய காரணம், மகள் இரண்டாவது காரணம்.

ஆனால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் இரண்டு போன் போட வேண்டும்.

முதல் போன் பெங்களூருக்கு. பையிங் ஆபீஸ் ஆட்கள் எங்கே சுற்றுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மாதத்தில் பாதி நாள் திருப்பூர் ஃபேக்டரிகளில் சாம்பிள் பார்த்துக்கொண்டும், தைக்கும்போதே சரக்கைச் சோதிக்கும் இன்லைன் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நின்றுகொண்டும்தான் இருப்பார்கள். அவர்களுக்கு ஓட்டல் ரூம் போட்டுக் கொடுப்பது யார்? கம்பெனி. உங்களுக்கு ரூமே வேண்டாம், சோமனூரில் வீடு இருக்கிறது. திருப்பூர் வெண்டர்கள் வேலையை முழுசாக என்னிடம் விடுங்கள், மாதம் 15 நாள் இங்கே, மீதி அங்கே என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் அதை லெட்டரில் எழுதி வாங்குங்கள், வாய்ச்சொல் வேண்டாம். அப்படி மட்டும் நடந்தால் மேலே நான் போட்ட கணக்கைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பெங்களூர் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆசையும் நிறைவேறும். முடியாது என்றால் நஷ்டம் ஒன்றும் இல்லை, கேட்டதற்காக ஆஃபரைத் திரும்ப வாங்க மாட்டார்கள்.

இரண்டாவது போன் கோயம்புத்தூருக்கு. கையில் 13.2 லட்சத்துக்கு லெட்டர் இருக்கிறது என்று சொல்ல ஏன் தயங்குகிறீர்கள்? 8.5 கேளுங்கள், 8.2க்கு வருவார்கள் என்பது என் அனுபவ ஊகம். சம்பளத்தோடு பதவிப் பெயரையும் கேளுங்கள். மெர்ச்சண்டைசராகவே போகாமல் சோர்சிங் மேனேஜராகப் போனால், மூன்று வருடம் கழித்து மகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு பெரிய ஊருக்குப் போக வேண்டுமென்றாலும் அந்தப் பெயர் உதவும்.

எந்தப் பக்கம் போனாலும் நோட்டீஸ் விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பெங்களூர்க்காரர்கள் ஒரு மாதத்தில் சேரச் சொல்கிறார்கள், மீதி நோட்டீஸ் நாளுக்கான பணத்தை நாங்களே கட்டிவிடுகிறோம் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு 5 வருடம் வேண்டும். நான்கு வருடம் முடித்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. நீங்கள் 4 வருடம் 9 மாதத்தில் வெளியே வந்தால், மாதம் 26 நாள் கணக்கில் 234 நாள். ஆறு நாள் குறைகிறது! 60 நாள் நோட்டீஸை முழுசாக வேலை செய்துவிட்டுக் கிளம்பினால் 260ஐ ஒட்டி வரும். எடுத்த லீவு எத்தனை, அதில் சம்பளம் பிடித்தது எத்தனை என்று அட்டென்டன்ஸை வாங்கிப் பாருங்கள். உங்கள் பேசிக் 24,000. அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 5 வருடத்துக்குப் போட்டால் 69,230 ரூபாய். ஹெச்.ஆர். முரண்டு பிடிக்கலாம், அதனால் ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே மெயிலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதிய கம்பெனி பொறுக்கும் என்றால், இன்னும் நான்கு மாதம் இருந்து ஐந்து வருடத்தை முடித்துவிடுவது வம்பே இல்லாத வழி.

கோயம்புத்தூர் என்று வைத்துக்கொண்டால், போக்குவரத்து போக இப்போது மிஞ்சுவதைவிட மாதம் 10,000 ரூபாய் கூடுதலாக நிற்கும். முதல் வருடத்தில் அது ஒரு லட்சத்து இருபதாயிரம், கிராஜுவிட்டி ஓர் எழுபதாயிரம். இதில் புது ஃபர்னிச்சர், கார் என்று எதுவும் நுழையக் கூடாது. முதலில் ஒன்றரை லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அறுபதாயிரம் சேமிப்பும் அதோடு சேர்ந்தால், தறி நின்றாலும் ஒரு வருடத்துத் தவணை கையில் இருக்கும். அதற்குப் பிறகு நகைக்கடன். வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே இருப்பதை நிறுத்தி, அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு நகையாக மீட்டு எடுங்கள்.

கம்பெனி மாறும் நாளில் பழைய குரூப் இன்ஷூரன்ஸ் நின்றுவிடும். சொந்தமாக ஒரு குடும்ப மெடிக்கல் பாலிசி எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மெடிக்கல், ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, முன்பு 18 சதவீதம் இருந்தது. மாமியாருக்குத் தனிப் பாலிசியாகவே எடுங்கள், முழங்கால் வலியை மறைக்காமல் எழுதுங்கள்.

பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 11 வருடத்தில் நீங்கள் மாறிய கம்பெனிகளின் கணக்கெல்லாம் ஒரே யு.ஏ.என். (பி.எஃப்.பில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கும் எண்) கீழ் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும். இடையில் எங்காவது பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்திருந்தால் அந்த வருடங்கள் கணக்கில் வராது. முதல் கம்பெனியை விட்டபோது "எதோ பார்ம் கையெழுத்துப் போட்டேனுங்க, நாப்பதாயிரம் வந்துச்சு" என்று எழுதியிருந்தீர்களே, அது எந்த பார்ம் என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.