கொள்ளி வைத்தவருக்குத் தோட்டம் போகாது

கேள்வி: ஈரோட்டுப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 78 வயது, படுத்த படுக்கை. அம்மா இல்லை. ஒரே மகளான நான்தான் திருப்பூரில் என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். காரியத்தை நானே செய்ய வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பெரியப்பா மகனோ, "உடம்பு ஊருக்கு வந்தாக வேண்டும், கொள்ளி நான்தான் வைப்பேன், வைத்தவனுக்குத்தான் தோட்டம்" என்கிறார். அவரைத் தடுக்க முடியுமா?

பதில்: தோட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். சண்டையே அதற்காகத்தானே! 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் கொள்ளிக்கும் கருமாதிக்கும் இடமே கிடையாது. மகள் முதல் வகுப்பு வாரிசு. அப்பாவின் அண்ணன் மகன் இரண்டாம் வகுப்பில், அதிலும் நான்காவது வரிசையில் நிற்கிறார். நீங்கள் இருக்கும்வரை அவருக்கு அதில் பங்கு வராது. அப்பா உயில் எழுதியிருந்தால் மட்டும் கதை வேறு.

என் பயமே அந்த உயிலில்தான். உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் தானசெட்டில்மெண்ட் என்றால் பதிவு செய்தாக வேண்டும். உயிலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கைநாட்டும் இரண்டு சாட்சிகளும் போதும். "பென்ஷன் பேப்பர், பேங்க் பேப்பர்" என்று சொல்லிக்கொண்டு எவராவது மைப்பெட்டியோடு வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். வெற்றுத்தாளில் வாங்கிய ரேகை ஆறு மாதம் கழித்து உயிலாக வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். உயிர் போன பிறகு எடுத்த ரேகை என்று சந்தேகப்பட்ட வழக்கும் வந்தது. எனவே கடைசி நேரத்தில் அப்பாவை விட்டு நகராதீர்கள்.

சரி, உடலுக்கு வருவோம். உடல் யாருடைய சொத்தும் அல்ல. யார் அடக்கம் செய்வது என்று வரிசை போட்டுச் சொல்லும் சட்டமும் நம்மிடம் இல்லை. கோழிப்பண்ணை வைக்க விதி இருக்கிறது, இதற்கு இல்லை! ஸ்டேஷனுக்குப் போனால் "பெரியவர்களை வைத்துப் பேசி முடித்துக்கொண்டு வாங்க" என்பார்கள். சிவில் கோர்ட்டில் தடை வாங்கும்வரை ஃப்ரீசர் பெட்டிக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும். மிக அவசரம் என்றால் உயர் நீதிமன்றம் ஞாயிற்றுக்கிழமையும் கேட்கும். 2024 ஜூலையில், கொலையுண்ட பகுஜன் சமாஜ் கட்சித் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை எங்கே அடக்கம் செய்வது என்ற வழக்கை அப்படித்தான் விசாரித்தார்கள். ஆனால் உங்கள் விஷயம் அதுவரை போகக் கூடாது.

மகள் என்பது மட்டும் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். கேரளத்தில் மார்க்சிஸ்ட் தலைவர் எம். எம். லாரன்ஸ் 2024 செப்டம்பரில் இறந்தார். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தர வேண்டும் என்று அவர் வாய்மொழியாகச் சொன்னதற்குச் சாட்சிகள் இருந்தார்கள். மகள் எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார்; 2025 ஜனவரியில் அங்கேயும் தோற்றார். அது உடல்தானச் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு, உங்களுக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும் இறந்தவர் என்ன சொன்னார் என்பதற்கு நீதிமன்றம் எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறது என்று தெரிகிறது.

அதனால் இந்த வாரமே அப்பாவிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். எங்கே, எப்படி, யார் செய்ய வேண்டும் என்பது அவர் சொன்ன வார்த்தையிலேயே இருக்கட்டும். வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவர், பங்காளி வகையில் நியாயமான பெரியவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். செல்போனில் வீடியோவும் எடுங்கள். இதை உயிலுக்குள் எழுதாதீர்கள். பதினாறாம் நாளுக்குப் பிறகு பிரிக்கிற காகிதத்தில் அடக்கத்தைப் பற்றி எழுதி என்ன பயன்?

ஒன்றே ஒன்றில் இந்தக் கடிதமும் காத்திருக்க வேண்டிவரும். படுக்கையில் இருப்பவர் கட்டிலிலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் இறந்தார் என்று வையுங்கள். வயதாகி இறந்ததாகத்தான் நீங்கள் நினைப்பீர்கள். ஆஸ்பத்திரிக்கோ அது விபத்து; போலீசுக்குத் தகவல் போகும். பிரேதப் பரிசோதனை முடியாமல் உடல் உங்களுக்கும் வராது, பெரியப்பா மகனுக்கும் போகாது. இயற்கை மரணம் என்று எழுதித் தரச் சொல்லி டாக்டரோடு சண்டை போடாதீர்கள். "சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று மார்ச்சுவரி வாசலில் ஒட்டிக்கொள்கிற ஆளுக்குப் பத்துப் பைசா கொடுக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, எண் 155377. அந்த ஆள் இதைச் சொல்ல மாட்டார்.

அப்புறம், இறப்புப் பதிவு. வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் நீங்களே போய்ப் பதியுங்கள். அப்பாவின் ஆதார் அட்டையும் தோட்டத்துப் பத்திரமும் இப்போது ஊர் வீட்டில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முதலில் அவற்றைத் திருப்பூருக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.