மாமாவின் வழக்கு ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனால்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. 1970களில் இங்கே வந்து கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்த உங்கள் தாய்மாமாவுக்கு இப்போது மீசோதீலியோமா, ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் புற்றுநோய். ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனிகள் மேல் ஓக்லாந்தில் மாநில கோர்ட்டில் போட்ட வழக்கை, எதிர்த்தரப்பில் உள்ள ஒரு பாய்லர் கம்பெனி ஃபெடரல் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டது. "மேல் கோர்ட்டுக்குப் போய்விட்டதாம், ரிமாண்ட் வேறு கேட்கிறார்களாம்" என்று அத்தை அழுகிறார். தோற்றுவிட்டோமா என்று கேட்கிறீர்கள். நான் இந்த ஊருக்கு வந்து 31 வருஷம். என் மாமனாருக்கும் இதே நோய், இதே மாதிரி வழக்கு. நான் வக்கீல் இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்ததையும், அப்போது விழுந்து விழுந்து படித்துத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

அத்தையிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ரிமாண்ட் என்றால் நம் ஊரில் போலீஸ் பிடித்துக்கொண்டு போய் உள்ளே வைப்பது. இந்த வழக்கில் அதற்குப் பொருள் வேறு. வழக்கை எங்கிருந்து கொண்டு வந்தார்களோ அந்த கோர்ட்டுக்கே திருப்பி அனுப்புவதுதான் ரிமாண்ட். அதைக் கேட்பது உங்கள் வக்கீல்தான். நல்லதுக்குத்தான் கேட்கிறார்.

ஃபெடரல் கோர்ட் மேல் கோர்ட்டும் இல்லை. நம் நாட்டில் முன்சீப் கோர்ட், மாவட்ட கோர்ட், ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று ஒரே ஏணி. இங்கே இரண்டு ஏணிகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மாநிலத்துக்கு ஒன்று, மத்திய அரசுக்கு ஒன்று. இரண்டாவதுதான் ஃபெடரல். காயம், நோய், நஷ்ட ஈடு சம்பந்தப்பட்ட வழக்குகள் பெரும்பாலும் மாநில ஏணியில்தான் ஏறும். சில காரணங்கள் இருந்தால், வழக்கு போடப்பட்டவர் அதை அடுத்த ஏணிக்கு மாற்றலாம். அதற்குப் பெயர் ரிமூவல். முன்கூட்டி நீதிபதியின் அனுமதி தேவையில்லை, ஒரு நோட்டீஸ் போதும். அதனால்தான் ஒரே நாளில் நடந்து முடிந்துவிட்ட மாதிரி உங்களுக்குத் தோன்றுகிறது.

ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளில் அதற்கு இரண்டு வாசல்கள். ஒன்று, இரண்டு தரப்பும் வேறு வேறு மாநிலத்தவர், கேட்கும் தொகை 75,000 டாலருக்கு மேல் என்பது. மாமா இன்னும் இந்திய பாஸ்போர்ட்டில், கிரீன் கார்டோடு இருக்கிறார், அதனால் பாதகம் வருமா என்று கேட்டிருந்தீர்கள். வராது. கலிஃபோர்னியாவில் குடியிருக்கும் கிரீன் கார்டுக்காரர் போட்ட வழக்கில், எதிர்த்தரப்பில் ஒரே ஒரு கலிஃபோர்னியா கம்பெனி இருந்தால்கூட இந்த வாசல் திறக்காது. கம்பெனி எந்த மாநிலத்தில் பதிவானது, அதன் தலைமை அலுவலகம் எங்கே என்ற இரண்டையும் பார்ப்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் சரக்கு விற்ற உள்ளூர் கடை ஒன்று பட்டியலில் இருப்பது அதனால்தான் முக்கியம்.

உங்கள் மாமா விஷயத்தில் திறந்தது இரண்டாவது வாசல். எழுத்தில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் கொடுத்தபோது, தான் வேலை செய்த மூன்று கடற்படைக் கப்பல்களின் பெயரை அவர் எழுதியிருக்கிறார். அதைப் பார்த்ததும் பாய்லர் கம்பெனி பிடித்துக்கொண்டது. "கடற்படை கொடுத்த வரைபடப்படிதான் செய்தோம். எச்சரிக்கை வாசகம் ஒட்டுவதைக்கூட கடற்படைதான் முடிவு செய்தது. மத்திய அரசின் உத்தரவுப்படி நடந்த எங்களை மத்திய அரசின் கோர்ட்தான் விசாரிக்க வேண்டும்" என்பது அவர்கள் வாதம். இந்தச் சட்டத்தின் வேர் 1815க்குப் போகிறது. சுங்க அதிகாரிகளை மாநில கோர்ட்டுகளிடமிருந்து காப்பாற்றப் பிறந்தது. இன்று பாய்லரும் வால்வும் விற்ற கம்பெனிகள் அதன் நிழலில் நிற்கின்றன. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் 2014ல் நம் கலிஃபோர்னியாவையும் சேர்த்துப் பார்க்கும் ஒன்பதாவது சர்க்கியூட் அப்பீல் கோர்ட், பேர்ல் ஹார்பர் கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் கிரேன் என்ற பெயருள்ள நிறுவனத்தின் மேல் போட்ட வழக்குகளில், வழக்கு ஃபெடரல் கோர்ட்டிலேயே இருக்கலாம் என்று கம்பெனியின் பக்கமே தீர்ப்பு சொன்னது. எனவே இது சும்மா மிரட்டல் என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்த வாசலில் மற்ற கம்பெனிகளின் சம்மதம் தேவையில்லை. இருபது கம்பெனி இருந்தாலும் ஒன்று நினைத்தால் போதும், முழு வழக்கும் நகர்ந்துவிடும். ஆனால் காரணம் முதன்முதலாகத் தெரியவந்த காகிதம் கைக்கு வந்த 30 நாளுக்குள் அவர்கள் நகர்த்தியிருக்க வேண்டும். மாமா பதில் எழுதிக் கொடுத்த தேதி என்ன, அவர்கள் நோட்டீஸ் போட்ட தேதி என்ன? வக்கீல் பார்த்திருப்பார், இருந்தாலும் நீங்களும் பாருங்கள். தாமதம் போன்ற நடைமுறைக் குறைகளைக் காட்டித் திருப்பி அனுப்பக் கேட்க நம் பக்கத்துக்கும் 30 நாள்தான். இன்னொன்றையும் கேளுங்கள். கடற்படை உத்தரவால் ஏற்பட்ட பாதிப்புக்கு நாங்கள் நஷ்ட ஈடு கேட்கவில்லை என்று வழக்கு மனுவில் எழுதியிருக்கிறார்களா? சில நீதிபதிகள் அதை ஏற்று வழக்கைத் திருப்பி அனுப்புகிறார்கள், சிலர் ஏற்பதில்லை.

சரி, எந்த கோர்ட்டாக இருந்தால் என்ன, உண்மை உண்மைதானே என்று தோன்றும். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. கலிஃபோர்னியா கோர்ட்டில் 12 ஜூரிகளில் 9 பேர் ஒத்துக்கொண்டால் போதும். ஃபெடரல் கோர்ட்டில் எல்லாரும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். அதைவிடப் பெரிய வித்தியாசம் நாட்கள். நோயாளி ஆறு மாதத்துக்கு மேல் இருப்பது சந்தேகம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, நீதிபதியும் ஏற்றுக்கொண்டால், கலிஃபோர்னியா சட்டப்படி 120 நாளுக்குள் விசாரணைக்குத் தேதி கொடுப்பார்கள். ஃபெடரல் கோர்ட்டில் அந்தச் சட்டம் கிடையாது. அதோடு சாதாரணமாக ரிமாண்ட் உத்தரவு வந்தால் அதன் மேல் அப்பீல் இல்லை, ஆனால் கடற்படைக் காரணம் சொல்லி மாற்றிய வழக்கில் அப்பீல் உண்டு. அதற்கும் மாதங்கள் போகும். மீசோதீலியோமா வந்தவருக்கு மாதம் என்பது எவ்வளவு பெரியது என்று உங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். 2022 வரை கலிஃபோர்னியாவில், தீர்ப்புக்கு முன் நோயாளி இறந்துவிட்டால் அவர் பட்ட வலிக்கு நஷ்ட ஈடு கேட்கவே முடியாது. நாள் கடத்துவதில் யாருக்கு லாபம் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. 2022 தொடக்கத்திலிருந்து சட்டம் மாறியது. உங்கள் வழக்குக்கு அது எப்படிப் பொருந்தும் என்று வக்கீலிடம் கேளுங்கள்.

பழைய ஆட்கள் யாராவது "ஃபெடரலுக்குப் போனால் ஃபிலடெல்ஃபியாவில் கிடந்து மக்கிவிடும்" என்று பயமுறுத்தினால் கேட்காதீர்கள். 1991ல் நாடு முழுக்க ஃபெடரல் கோர்ட்டுகளில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளை அங்கே ஒரே நீதிபதியிடம் குவித்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் சேர்ந்தன. 2008ல் நீதிபதி எடுவார்டோ ராப்ரினோ பொறுப்பேற்ற பிறகு அவை வேகமாகக் கரைந்தன. 2011 கடைசியோடு புது வழக்குகளை அங்கே அனுப்புவதும் நின்றது. மாமாவின் வழக்கு இந்த ஊரிலேயே நடக்கும்.

இப்போது என் மாமனார் கதை. 1969ல் வந்தவர், பாய்லர் மெக்கானிக். கப்பலின் அடித்தட்டில் ஆஸ்பெஸ்டாஸ் சுற்றிய குழாய்களைப் பிரித்து மாட்டுவது வேலை. வீட்டுக்கு வந்தால் சட்டையில் மாவு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும் என்று என் மாமியார் சொல்வார். 2005ல் அவருடைய வழக்கையும் இப்படித்தான் மாற்றினார்கள். எங்கள் வக்கீல் அலுவலகம், ரிமாண்ட் ஆகி வந்ததும் வாக்குமூலம் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது. பதினோரு வாரத்தில் அவர் போய்விட்டார். அப்புறம் வழக்கு திரும்பி வந்தது. எந்தக் கப்பலில் எந்தக் கம்பெனி வால்வு, கேஸ்கட்டை யார் வெட்டினார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எதிர்த்தரப்பு கேட்டது. அதெல்லாம் அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. எத்தனை மாலை அதையெல்லாம் சாப்பாட்டு மேஜையில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்! நாங்கள் சொன்னால் கோர்ட் ஏற்காது.

அதனால்தான் தம்பி, ரிமாண்ட் கிடைக்குமா என்பதை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் கேட்க வேண்டியது மாமாவின் வீடியோ டெபொசிஷன், அதாவது விசாரணைக்கு முன்பே சத்தியம் செய்து கொடுக்கும் வாக்குமூலம், எப்போது என்று. ஃபெடரல் கோர்ட்டில் இரு தரப்பு வக்கீல்களும் கூடிப் பேசித் திட்டம் போடும் வரை அதைச் சாதாரணமாகத் தொடங்க முடியாது. ஆனால் எதிர்த்தரப்பு ஒத்துக்கொண்டாலோ நீதிபதி உத்தரவிட்டாலோ முன்னாலேயே எடுக்கலாம். டாக்டர் கடிதத்தை இணைத்து இந்த வாரமே மனு போடச் சொல்லுங்கள். முன்பே எடுத்த வீடியோவை எந்த கோர்ட்டிலும் காட்டலாம்.

அதுவரை மாமா தெம்பாக இருக்கும் காலை நேரங்களில் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். கப்பல் பெயர், வருஷம், கூட வேலை செய்தவர்கள், பெட்டியின் மேல் அச்சடித்திருந்த பெயர். கேட்டதை நீங்கள் எழுதி வைத்து வக்கீலிடம் மட்டும் கொடுங்கள். எந்தெந்த வருஷம் எந்தக் கம்பெனி சம்பளம் கொடுத்தது என்ற பட்டியலை சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். யூனியன் அட்டை இருந்தால் பத்திரம். 1982ல் திவாலான ஜான்ஸ்-மான்வில் போன்ற கம்பெனிகள் விட்டுப்போன நஷ்ட ஈட்டு டிரஸ்ட்டுகளுக்கு, இந்த கோர்ட் சண்டை எப்படிப் போனாலும் தனியாக விண்ணப்பிக்கலாம். அதையும் தொடங்கச் சொல்லுங்கள்.

அத்தைக்கு ஆங்கிலக் காகிதங்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் சனிக்கிழமை காலை நான் வருகிறேன். நோட்டீஸ் ஆஃப் ரிமூவல் என்று தலைப்புப் போட்ட காகிதத்தை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். அதன் மேல் உள்ள தேதியிலிருந்து சேர்ந்து எண்ணிப் பார்த்துவிடலாம்.