பிக்கப் தொட்டியில் டீசல் கேனையும் தண்ணீர் கேனையும் எப்படிப் பொருத்துவது?

கேள்வி: பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் 20 லிட்டர் டீசல் கேன் இரண்டு, அதே அளவு தண்ணீர் கேன் இரண்டு நிரந்தரமாக வைக்க வேண்டும். கேன்களைத் தாங்கும் கூட்டை எந்த இடத்தில் பொருத்துவது? தொட்டியில் துளை போடாமல் முடியுமா?

முடியும். அதற்கு வருகிறேன். முதலில் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இரண்டு நாள் மிச்சமாகும்.

முதல் தடவை பொருத்தியபோது என் கவலையெல்லாம் கேன் கழன்று விழக்கூடாது என்பதுதான். ஆங்கிளை வெட்டி வெல்டிங் செய்து இரண்டு அடுக்குக் கூடு ஒன்று அடித்தேன். மேலே டீசல், கீழே தண்ணீர். குறுக்கே இரும்புப் பட்டை, அதற்கு ஒரு பூட்டு. பிடித்து ஆட்டினால் வண்டி ஆடியது, கூடு ஆடவில்லை. ரொம்பத் திருப்தி. கற்சாலையில் இரண்டு நாள் ஓட்டிவிட்டு, சாயங்காலம் அடுப்பு மூட்டித் தண்ணீர் ஊற்றினால் குப்பென்று டீசல் வாடை.

டீசல் கேனைத் தூக்கிப் பார்த்தேன். அடிமூலையில், ஆங்கிளின் விளிம்பு படுகிற இடத்தில், பெயின்ட் போய்த் தகடு வெள்ளிக்காசு மாதிரி பளபளத்தது. அதன் நடுவில் ஊசி குத்தினாற்போல ஒரு துளை. பக்கத்திலேயே மிளகளவு கல் ஒன்று சிக்கியிருந்தது. இரண்டு நாளும் அது அங்கேயே உட்கார்ந்து அரைத்திருக்கிறது. கசிந்த டீசல் கீழே இருந்த தண்ணீர் கேனின் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தேங்கி, நான் மூடியைத் திறந்ததும் உள்ளே வழிந்துவிட்டது. கேன் விழவும் இல்லை, போல்ட் தளரவும் இல்லை. குடிக்கத் தண்ணீர் மட்டும் இல்லை.

அதனால் கூடு அடிப்பதற்கு முன்னால் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, கேன் எங்கே உரசும் என்பது. விழாமல் பிடிப்பதற்கு நாலு போல்ட் போதும். ஒரு நூல் கூட அசையாமல் உட்கார வைப்பதுதான் வேலை.

சரி, இடம். ஒரு இரும்பு டீசல் கேன் நிரம்பினால் கிட்டத்தட்ட 21 கிலோ: டீசல் 17, கேன் 4. தண்ணீர் கேனும் ஏறக்குறைய அதே எடைதான் வரும். நாலும் சேர்ந்து சுமார் 85 கிலோ, அதாவது ஓர் ஆள். அந்த ஆளைத் தொட்டியின் கடைசியில் உட்கார வைத்தால், பின் அச்சுக்குப் பின்னால் இருக்கிற எடை தராசுக்கோல் மாதிரி முன்பக்கத்தைத் தூக்கும், ஸ்டியரிங் லேசாகும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அதிகம் எகிறுவதும் தொட்டியின் கடைசிப் பகுதிதான். கேபினை ஒட்டிய முன்சுவர் ஓரம், தரையோடு தரையாக, பின் அச்சுக்கு முன்னால் வையுங்கள். இதில் இன்னொரு லாபம்: சட்டென்று பிரேக் போட்டால் கேன் முன்னால் ஓடத்தான் பார்க்கும். அங்கே ஏற்கெனவே சுவர் இருக்கிறது, பெல்ட் மட்டுமே தாங்க வேண்டியதில்லை.

பின்கதவில் மாட்டுவது, பம்பருக்கு வெளியே தொங்கவிடுவது இரண்டும் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். பின்னால் ஒரு வண்டி வந்து இடித்தால் முதலில் நசுங்குவது எரிபொருள் கேன். எனக்கு அது வேண்டாம். கூரையில் ஏற்றினால் வண்டியின் கனம் மேலே போய்விடும், சாய்ந்த பாதையில் வயிற்றைக் கலக்கும்.

டீசல் ஒரு பக்கம், தண்ணீர் இன்னொரு பக்கம். மேல்கீழாக வேண்டவே வேண்டாம், என் கதை போதும். எந்தப் பக்கம் எது என்பதை வண்டியே சொல்லும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, தொட்டித் தரையில் புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள். கீழே சைலன்சர் போகிற பக்கம் சுடும். அந்தப் பக்கம் தண்ணீருக்கு, குளிர்ந்த பக்கம் டீசலுக்கு. கூடுதல் பேட்டரி, அடுப்பு, கேஸ் சிலிண்டர் எதுவாக இருந்தாலும் டீசல் இருக்கும் பக்கம் வர வேண்டாம்.

இனி உரசல். கேனின் அடியில் முழுத் தகட்டுத் தட்டு வைக்காதீர்கள். மண்ணும் கல்லும் சேர அதைவிட நல்ல இடம் கிடையாது. இரண்டு பட்டைகள் மேல் கேன் உட்காரட்டும், நடுவில் வெற்றிடம் இருக்கட்டும். கல் கீழே விழுந்துவிடும். தொட்டித் தரைக்கும் கூட்டுக்கும் இடையில் ஒரு விரல் உயரம் விட்டால் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவவும் முடியும்.

பட்டைகளின் மேல் ரப்பர். இங்கே நான் இரண்டாவது தடவையும் சறுக்கினேன். பழைய டியூபை வெட்டி ஒட்டினேன். தண்ணீர் பக்கம் இன்றுவரை அப்படியே இருக்கிறது. டீசல் பக்கம் அங்கங்கே சிந்தியதில் ரப்பர் ஊறி, உப்பி, களிமண் மாதிரி ஆகிவிட்டது. டியூப் ரப்பருக்கும் டீசலுக்கும் ஆகாது. நைட்ரைல் ரப்பர் ஷீட் என்று கேட்டு வாங்குங்கள், ஆயில் சீல்களில் வருகிற அதே ரப்பர்தான். கெட்டியான பாலிஎத்திலீன் பலகையும் தாங்கும். கார்ப்பெட், ஸ்பான்ச் இரண்டும் வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துத் துரு ஏற்றும். கார்ப்பெட்டில் மணல் ஏறினால் அது உப்புத்தாள்தான்.

இரும்பு கேன் வாங்குவதாக இருந்தால் பக்கவாட்டில் வெல்டிங் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். நல்ல கேனில் அந்த ஓரம் உள்வாங்கியிருக்கும், வெளியே துருத்தாது. இந்தக் கேனை 1937இல் ஜெர்மன் ராணுவத்துக்காக வடிவமைத்தவர்கள் இதை யோசித்தே செய்திருக்கிறார்கள்: இரண்டு பாதித் தகடுகள், நடுவில் உள்ளடங்கிய ஒரே வெல்டிங் கோடு, பக்கத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு அழுத்தம். அந்த அழுத்தம் தகட்டுக்கு விறைப்பு தருகிறது, உள்ளே இருப்பது சூட்டில் விரிந்தால் கொஞ்சம் உப்பவும் இடம் தருகிறது. மேலே மூன்று கைப்பிடிகள்: ஒருவர் தூக்க நடுப்பிடி, இருவர் தூக்க ஓரப்பிடிகள், காலி கேன் என்றால் ஒரு கையில் இரண்டு. இரண்டாம் உலகப் போரின்போது வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஆங்கிலேயப் படை மெல்லிய தகர டின்களில் பெட்ரோல் கொண்டுபோய், வழியெல்லாம் ஒழுகவிட்டுக்கொண்டிருந்தது. ஜெர்மானியரின் கேன்கள் கையில் கிடைத்ததும் அதையே நகலெடுத்தார்கள். ஜெர்மானியரை அவர்கள் கேலியாக அழைத்த ‘ஜெர்ரி’தான் ஜெர்ரி கேன் என்ற பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கட்டுவதற்கு ராட்செட் பெல்ட், அதாவது நெம்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குகிற பெல்ட். அது கேனின் தலைக்கு மேலாகப் போய்க் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டினால் பள்ளத்தின் விளிம்பில் கேன் ஒரு கணம் எடையே இல்லாமல் எழும்பி, தொப்பென்று இறங்கும். மணிக்கணக்கில் அதுதான் நடக்கும். பாலியெஸ்டர் பெல்ட்டாக இருக்கட்டும். நைலான் இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் புறப்பட்ட அரை மணியில் ஒரு தடவை இறங்கி மறுபடி இறுக்குங்கள். பிளாஸ்டிக் கேன் என்றால் மதியமும் காலையும் பார்க்க வேண்டும்: வெயிலில் உப்பிய கேன் ராத்திரி சுருங்கும், காலையில் பெல்ட் தொளதொளவென்று கிடக்கும்.

துளை போடுவதானால் முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள். பல பிக்கப்களில் டீசல் டாங்க் தொட்டிக்கு நேர் கீழேதான் இருக்கிறது. பிரேக் குழாயும் பின்விளக்கு ஒயரும் அந்த வழியாகத்தான் போகும். டிரில் பிட்டில் ஒரு மரத்துண்டைக் கோத்து, நுனி மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விட்டால், தகடு விட்டதும் பிட் கீழே பாயாது. தொட்டித் தகடு மெல்லியது. வெறும் வாஷர் போட்டால் நாளடைவில் துளையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு 3 மி.மீ. தகடு ஒன்று கொடுத்து, 8 மி.மீ. போல்ட், நைலாக் நட் (அதிர்வில் தளராத நட்). தொட்டித் தரை மேடுபள்ளமாக வரிவரியாக இருக்குமே, பள்ளத்தில் போல்ட் விழுந்தால் அங்கே ஒரு அடைதுண்டு வையுங்கள். இல்லாவிட்டால் முறுக்க முறுக்கத் தரை வளைந்து மேலே வரும். போல்ட் மாட்டுவதற்கு முன் துளையின் விளிம்புக்கு பிரைமர், பெயின்ட். இதைச் சோம்பலில் விட்டால் அடுத்த மழைக்காலத்தில் துளையைச் சுற்றிக் காவி நிறத்தில் கோலம் போட்டிருக்கும்.

துளையே வேண்டாம் என்றால் இப்படிச் செய்யலாம். 18 மி.மீ. பிளைவுட்டைத் தொட்டித் தரையின் அளவுக்கு, சுவருக்குச் சுவர் ஒட்டி வருமாறு வெட்டுங்கள். சக்கர மேடுகளைச் சுற்றி வெட்டும்போது பொறுமை வேண்டும், அட்டையில் ஒரு முறை வெட்டிப் பார்த்துக்கொண்டால் பலகை வீணாகாது. கூட்டைப் பலகையில் போல்ட் போடுங்கள். பலகை நாலு பக்கமும் சுவரில் முட்டி நிற்பதால் நகராது. மேலே எழும்பாமல் இருக்க வண்டியோடு வந்த கொக்கிகளில் பெல்ட் போட்டு இழுத்துவிடலாம். அந்தக் கொக்கிகள் எவ்வளவு தாங்கும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். நான் இப்போது இந்த முறையில்தான் வைத்திருக்கிறேன். சாமான் ஏற்ற வேண்டிய நாளில் பலகையோடு வெளியே எடுத்துவிடுகிறேன்.

நிரப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் பங்கில் கேனைத் தொட்டியில் வைத்தபடியே நிரப்பாதீர்கள், தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். தொட்டியில் பிளாஸ்டிக் லைனர் (உள்ளே விரிக்கும் உறை) இருந்தால் கேனில் சேரும் நிலைமின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லை. குழாய் முனை கேனைத் தொடுகிற நேரத்தில் பொறி வரலாம். லைனர் போட்ட பிக்கப்களில் இப்படித் தீப்பிடித்த சம்பவங்களைச் சொல்லி அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் எச்சரிக்கையே விட்டிருக்கிறது. டீசல் லேசில் பற்றாது, பெட்ரோல் அப்படியில்லை: சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றை விடக் கனம். மூடி போட்ட தொட்டியில் வெளியேற வழியில்லாமல் அடியில் படுத்துக்கிடக்கும். நாளைக்கு பெட்ரோல் கேன் வைக்கிற எண்ணம் இருந்தால் மூடிய தொட்டியை மறந்துவிடுங்கள். கழுத்துவரை ஊற்றவும் வேண்டாம். 20 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 400 மில்லி கூடும், டீசல் அதைவிடச் சற்றுக் குறைவு. எவ்வளவு எரிபொருளைத் தனியாக எடுத்துப்போகலாம் என்கிற விதி இடத்துக்கு இடம் மாறும், அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் கேன் நேர்மாறு. கழுத்துவரை நிரப்பினால்தான் உள்ளே அலையடிக்காது. ஒன்று காலியாகும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள். இரண்டு அரைக் கேன்கள் இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் சளக் சளக் என்று கூட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தண்ணீர் உறைகிற குளிருள்ள பாதை என்றால் மட்டும் பத்தில் ஒரு பங்கு குறைத்து ஊற்றுங்கள், பனிக்கட்டிக்கு இடம் வேண்டுமே. ஒளி ஊடுருவாத கேன் வாங்கினால் பாசி பிடிக்காது. கேனில் துருத்திக்கொண்டிருக்கும் குழாயை நம்ப வேண்டாம், ஏதாவது சாமான் சரிந்து இடித்தால் முதலில் முறிவது அதுதான். நான் குழாயைக் கழற்றி டப்பாவில் வைத்துக்கொண்டு, நிறுத்தும் இடத்தில் மாட்டிக்கொள்கிறேன். டீசல் இருந்த கேனை எத்தனை தடவை கழுவினாலும் அதில் குடிநீர் வேண்டாம்.

நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். நீலம் என்றால் ஓரிடத்தில் தண்ணீர், இன்னோரிடத்தில் மண்ணெண்ணெய். ஜெர்மன் ராணுவம் தண்ணீர் கேனில் வெள்ளைச் சிலுவை வரைந்து பிரித்தது. இருட்டில் அதுவும் தெரியாது. என்னிடம் டீசல் கேன் இரும்பு, நெம்பித் திறக்கும் மூடி; தண்ணீர் கேன் பிளாஸ்டிக், அகலமான திருகு மூடி. தூக்கக் கலக்கத்தில் கை வைத்தாலும் எது எது என்று தெரியும்.

எல்லாம் பொருத்திய பிறகு ஒரு சோதனை. கேன் கூட்டைத் தொடுகிற இடங்களில் எல்லாம், கேனின் மேல் சாக்பீஸால் பட்டையாகப் பூசுங்கள். ஐம்பது கிலோமீட்டர் மோசமான பாதையில் ஓட்டிவிட்டு வந்து கழற்றிப் பாருங்கள். பூச்சு அழுந்தி ரப்பரில் ஒட்டியிருந்தால் சரி. இழுபட்டுக் கோடு கோடாக இருந்தால் அங்கே கேன் நடக்கிறது, இன்னும் கொஞ்சம் ரப்பர் வேண்டும். எனக்கு வலது பக்கத் தண்ணீர் கேனில் பின்மூலை இன்னும் கோடு காட்டுகிறது; இந்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு துண்டு ஒட்ட வேண்டும்.