மாதா படத்தைக் கழற்றிவிட்டாள் என் மகள்

மதிப்புக்குரிய மேடத்துக்கு வணக்கம்.

எனக்கு வயது 64. மதுரையில் இருக்கிறேன். நாங்கள் பரம்பரையாகக் கத்தோலிக்கர்கள். கீழவெளி வீதி வியாகுல மாதா கோயிலில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. என் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அங்கேதான். என் கணவர் இறந்த பிறகு மகள், மாப்பிள்ளை, எட்டு வயதுப் பேத்தி மூன்று பேரும் என்னோடு வந்து இருக்கிறார்கள். வீடு என் பெயரில்தான் இருக்கிறது.

மகளும் மாப்பிள்ளையும் இப்போது பூசைக்கு வருவதில்லை. ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார்கள். இரண்டு பேரும் தண்ணீரில் முழுகித் திரும்பவும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை அங்கே போன பிறகு குடியை விட்டது உண்மைதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்காக நான் கும்பிடுவதையெல்லாம் பழிக்கலாமா?

எங்கள் வீட்டுக் கூடத்தில் வேளாங்கண்ணி மாதா படம் இருந்தது. என் கணவர் காவி கட்டி நடந்து போன காலத்தில் அங்கிருந்து வாங்கி வந்தது. கண்ணாடி போட்டு, கீழே சின்னதாக ஒரு பல்பு வைத்து அவரே ஆணி அடித்து மாட்டியது. ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. கேட்டால், "விக்கிரகத்தை வீட்டுல வைக்கக் கூடாதும்மா" என்கிறாள். படத்தை அவள் அப்பாவின் வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டிருக்கிறாள். அவர் வேட்டியில்! அவர் உயிரோடு இருந்திருந்தால் செய்வாளா? அன்றைக்கு நவநாளில் கொடுத்த ரொட்டியைப் பேத்தியிடம் கொடுத்தேன். அதையும் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டாள். படைத்ததைத் தின்னக் கூடாதாம். ஓரியூர் அருளானந்தர் கோயிலிலிருந்து கொண்டுவந்த செம்மண்ணை ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். "மண்ணைப் போய்க் கும்பிடுறீங்களேம்மா" என்றாள்.

அவர்கள் கூட்டத்தில் யாரோ பேசினார்களாம், மாதா முட்டை ஓடு மாதிரி, குஞ்சு வந்த பிறகு ஓடு எதற்கு என்று. அதை என்னிடமே வந்து சொல்கிறாள். பத்து மாதம் சுமந்து பெற்றவள் ஓடாம். அப்படியென்றால் நானும் ஓடுதானே, மேடம்?

கல்லறைத் திருநாளுக்கு மாலையும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு போனேன். மகளும் வந்தாள். ஆனால் செத்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்று தள்ளியே நின்றுகொண்டாள். சொந்த அப்பாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற மனசு வரவில்லை.

பேத்திக்கு இந்த வருடம் புதுநன்மை, அதுதான் முதன்முதலாக நற்கருணை வாங்குவது, கொடுக்க வேண்டியது. வெள்ளைக் கவுனுக்குத் துணி எடுத்துத் தைத்து பீரோவில் வைத்திருக்கிறேன். மறைக்கல்வி வகுப்புக்கே போகக்கூடாது என்று நிறுத்திவிட்டாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் வாங்கப் போகிறார்கள். கோயிலில் கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஆனால் நானும் சும்மா இருக்கவில்லை. பேத்தி என்னோடுதான் படுப்பாள். விளக்கை அணைத்த பிறகு போர்வைக்குள் இரண்டு பேரும் மெதுவாகச் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லிவிட்டுத்தான் தூங்குவோம். சின்னச் செபமாலை ஒன்றை அவள் பென்சில் டப்பாவில் போட்டு, "அம்மாகிட்ட சொல்லிராத, மாதா கோவிச்சுக்குவாங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன். கெட்டிக்காரி, இதுவரை வாயைத் திறக்கவில்லை. மூன்று வயதிலேயே நின்றுபோனது, இப்போது கொஞ்ச நாளாகத் திரும்பவும் படுக்கையை நனைக்கிறாள், மகள் எழுந்திருப்பதற்குள் நானே அலசிப் போட்டுவிடுகிறேன், அது வேறு விஷயம். அந்தப் பிள்ளைக்குச் சபையில் என்னவெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்களோ! போன வாரம் கேட்கிறாள், "அம்மாச்சி, நீங்க நரகத்துக்குப் போயிருவீங்களா?" என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மகளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டைதான்.

அந்த ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அவர் மாட்டிய படம், மேடம். யார் செய்வது சரி? வேறு வீடு பார்த்துக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிடலாமா? என் மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

இப்படிக்கு,
ஒரு தாய், மதுரை

*

அன்புள்ள அம்மாவுக்கு,

'அது வேறு விஷயம்' என்று நீங்கள் ஒதுக்கிவிட்டுப் போன வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை, ஐந்து வருடமாக நின்றுபோயிருந்தது, திரும்பவும் படுக்கையை நனைக்கிறாள். அந்த வரிக்கு முந்தின வரியில் அவளிடம் ஒரு ரகசியம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அடுத்தடுத்த வரிகளில் நரகத்தைப் பற்றிக் கேட்கிறாள். மூன்றையும் நீங்களே அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனதில் எங்கேயோ இது மூன்றும் ஒன்றுதான் என்று பட்டிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

முதலில் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். நின்றுபோனது திரும்ப வந்தால் சிறுநீரில் கிருமித்தொற்று இருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா என்று குழந்தை மருத்துவர் பார்ப்பார். உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் மனதில் ஏதோ பாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவர் சொல்வதற்கு முன்னால் நான் முடிவாகச் சொல்லக்கூடாது. ஆனால் உங்கள் பேத்தியின் ராத்திரியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பகலில், மாதாவைக் கும்பிடுவது பாவம் என்று கேட்டுவிட்டு வருகிறாள். ராத்திரி போர்வைக்குள் அந்த மாதாவைத்தான் உங்களோடு கும்பிடுகிறாள். சொன்னால் மாதா கோபித்துக்கொள்வார். சொல்லாவிட்டால் அம்மாவை ஏமாற்றியதாகும். பக்கத்தில் படுத்திருக்கிற அம்மாச்சியோ நரகத்துக்குப் போகப் போகிறவர். எட்டு வயதுப் பிள்ளை இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு எப்படித் தூங்கும்?

அவள் கேட்டதை நீங்கள் உங்கள் மகள் மேல் வைக்கிற குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டீர்கள். அவள் உங்களைக் குறை சொல்லக் கேட்கவில்லை, அம்மா. செத்துப்போன தாத்தாவைப் போல நீங்களும் ஒருநாள் போய்விடுவீர்கள், போனால் திரும்பப் பார்க்கவே முடியாதோ என்று பயந்து கேட்டிருக்கிறாள். உங்கள் கடிதத்தில் அவளுக்கு நீங்கள் சொன்ன பதில் இல்லை.

இனி உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். பென்சில் டப்பாவுக்குள் செபமாலையை வைத்தது தவறு. அதைக் கெட்டிக்காரத்தனம் என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றவளுக்குத் தெரியாமல் ஒரு விஷயத்தை மறைக்கப் பிள்ளையைப் பழக்கியிருக்கிறீர்கள். அதற்குக் காவலாக மாதாவின் கோபத்தையும் வைத்திருக்கிறீர்கள். 64 வருடம் மாதாவிடம் ஆறுதல் தேடிய நீங்கள், பேத்திக்கு அவரைப் பயமுறுத்துகிறவராக அறிமுகப்படுத்தலாமா? உங்கள் மகள் ரொட்டியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டதும் தவறுதான். அந்த முட்டை ஓட்டுப் பேச்சு அதைவிடக் கொடுமை. அவர் எழுதியிருந்தால் அவரைக் கண்டித்திருப்பேன். எழுதியிருப்பது நீங்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

யார் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சாமியாரும் இல்லை, பாஸ்டரும் இல்லை. ஆனால் இந்த வாக்குவாதம் உங்கள் கூடத்தில் தொடங்கியது இல்லை என்று மட்டும் சொல்ல முடியும். படங்களுக்கும் சுரூபங்களுக்கும் செய்கிற மரியாதை அவற்றில் இருப்பவரைச் சேரும், ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான் என்று 787இல் நிசேயாவில் ஆயர்கள் சங்கம் கூடி முடிவு செய்தார்கள். ஏழு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து பிரிந்த மார்ட்டின் லூதர் புனிதர்களிடம் வேண்டுவதை எதிர்த்தார். ஆனாலும் மாதாவின் பாடலுக்கு அவர் 1521இல் எழுதி வெளியிட்ட விளக்கத்தைப் படித்தால், மாதாவை ஓடு என்று நினைக்கிற மனிதர் எழுதியதாகத் தோன்றாது. உங்கள் மகள் பத்துக் கட்டளைகளையும், கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவில் கிறிஸ்து ஒருவரே மத்தியஸ்தர் என்று பவுல் எழுதியதையும் பிடித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள், மரியா சொல்லி இயேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய கானா ஊர்க் கல்யாணத்தையும், எல்லாத் தலைமுறையும் என்னைப் பேறுபெற்றவள் என்பார்கள் என்று மரியா பாடியதையும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. உங்கள் திருச்சபையே 1964இல் வத்திக்கான் சங்கத்தில் சொன்னது: மரியாவைப் பற்றி அளவுக்கு மீறியும் பேச வேண்டாம், மனம் சுருங்கியும் பேச வேண்டாம். இதை நீங்களும் மகளும் சமையலறையில் நின்று தீர்த்துவிட முடியாது. தீர்க்க வேண்டியதும் இல்லை.

ஓரியூர் மண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வேதம் போதிக்க வந்த பாதிரியார் அருளானந்தர் 1693இல் அங்கே எதனால் வெட்டப்பட்டார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மறவர் தலைவர்களில் ஒருவரான தடியத்தேவர் வேதத்தில் சேர்ந்தபோது ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதியின் உறவுப் பெண். அவர் அரண்மனையில் போய் அழுதார். அதற்குப் பிறகுதான் எல்லாம். நம் பக்கத்தில் வேதம் வீட்டுக்குள் வந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் அழுதிருக்கிறார்கள். உங்கள் பரம்பரையிலும் முதன்முதலில் வேதத்துக்கு வந்தவர் யாரோ ஒருவர் இருந்திருப்பார். அவரைப் பெற்ற தாயும் குலசாமியை விட்டுட்டானே என்று வயிறெரிந்திருப்பார். அவர் பக்கம் நியாயம் இல்லை என்று நீங்கள் சொல்வீர்களா?

மாப்பிள்ளை குடியை விட்டதற்கு ஒரே வரி கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் மகளுக்கு அதுதான் எல்லாமே. குடிக்கிற புருஷனோடு இருந்த காலத்தில் அவர் எத்தனை ராத்திரி விழித்திருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. கூடவே இருந்த உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தச் சபையில் யாரோ கையைப் பிடித்து ஜெபித்தார்கள், வீட்டுக்காரர் திருந்தினார். அங்கே சொல்வதெல்லாம் இனி அவருக்கு வேதவாக்காகத்தான் இருக்கும். அதை வாதாடி மாற்ற முடியாது. அவர் இப்போது உங்களையும் காப்பாற்றிவிட வேண்டும் என்று துடிக்கிறார். பேச்சில் அது அவமானமாக வந்து விழுகிறது.

அப்புறம், அந்தப் படம். கிழிக்கவில்லை, எரிக்கவில்லை, தெருவில் போடவில்லை. சபையில் விக்கிரகம் என்று சொல்லிக் கொடுத்த ஒன்றை, கண்ணாடி உடையாமல், வீட்டில் எத்தனையோ பழந்துணி இருக்க, அப்பாவின் வேட்டியை எடுத்துச் சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறார். நீங்கள் அதை அவமரியாதையாகப் படிக்கிறீர்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. கல்லறைக்கும் வந்திருக்கிறார், தள்ளி நின்றாலும். அப்பாவை நினைத்து அழுவதற்கு அவருடைய புது நம்பிக்கையில் மெழுகுவர்த்தியும் இல்லை, பூசையும் இல்லை. உங்களுக்காவது அவை இருக்கின்றன. நீங்கள் இருவரும் ஒரே மனிதரை இழந்தவர்கள். அவரைப் பற்றி நீங்களும் மகளும் கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினீர்கள்? ஆணியைப் பார்த்து வயிறெரிகிறது என்று எழுதும்போது நீங்கள் மாதாவைவிட உங்கள் கணவரைத்தான் அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றியது. படத்தை இறக்கி உங்கள் அறையில் மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் வீடு, உங்கள் அறை, அதற்கு யாரிடமும் அனுமதி வேண்டாம். கூடத்துக்காகச் சண்டை போட வேண்டாம்.

புதுநன்மையை இந்த வருடம் விட்டுவிடுங்கள். பெற்றவர்கள் வேண்டாம் என்கிறபோது பாட்டி அதை நடத்த முடியாது. அதற்காகப் பேத்தி கைவிட்டுப் போய்விட்டாள் என்று நினைக்காதீர்கள். அவள் குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றிருப்பாள். உங்கள் திருச்சபையின் போதனைப்படி அது அழியாதது, யாரும் கழுவிவிட முடியாது. உங்கள் மகளின் சபையிலோ, ஒருவர் வளர்ந்து தானே விசுவாசித்துத்தான் முழுக்கு எடுக்க வேண்டும். ஆக உங்கள் கணக்குப்படியும் சரி, அவர் கணக்குப்படியும் சரி, எட்டு வயதில் இந்தப் பிள்ளையை இழுத்துப் பறிக்க அவசியம் இல்லை. கோயிலில் கேட்பவர்களிடம் "அவங்க அம்மா அப்பா முடிவு" என்று சொன்னால் போதும். வீட்டைக் காலி செய்யச் சொல்வதை மட்டும் நினைக்கவே நினைக்காதீர்கள். போர்வைக்குள் உங்களோடு பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, தன்னால்தான் வீடு பிரிந்தது என்று ஆகிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். செபமாலையைப் பேத்தியிடமிருந்து நீங்களே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "நான்தான் மறைக்கச் சொன்னேன், உன் மேல தப்பு எதுவும் இல்ல, மாதா யார் மேலயும் கோவிக்க மாட்டாங்க, அம்மாகிட்ட எதையும் சொல்லலாம்" என்று சொல்லுங்கள். அவள் நரகத்தைப் பற்றிக் கேட்டாளே, அதற்கு "நானும் இயேசுவைத்தான் நம்புறேன், என்னை அவர் பார்த்துக்குவார், அது உன் கவலை இல்லடா" என்று சொல்லுங்கள். ராத்திரி செபமாலையை அவள் தூங்கிய பிறகு நீங்கள் தனியாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

மகளிடம் பேசும்போது மாதாவைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். படுக்கையை நனைப்பதை நீங்கள் மறைத்ததால், பெற்ற பிள்ளைக்கு என்ன ஆகிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லுங்கள். பிள்ளை நரகத்தைப் பற்றி என்ன கேட்டாள் என்பதையும், குற்றம் சாட்டுகிற குரல் இல்லாமல் சொல்லுங்கள். செபமாலையை நீங்கள் கொடுத்ததையும் மறைக்க வேண்டாம். அவர் கோபப்படுவார். அன்றைக்கு ஒருநாள் அந்தக் கோபத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், பதில் பேச வேண்டாம். பிறகு இருவரும் சேர்ந்தே பாப்பாவைக் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பரீட்சை முடியட்டும், லீவு வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே போங்கள்.