ஒரு முறைதான் நிற்கலாம்

வணக்கம் சார்,

நான் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் மாணவர் பேரவைத் தேர்தல் நேரடியாக நடக்கும், எல்லா மாணவர்களுக்கும் ஓட்டு உண்டு. போன வருடம் வகுப்புப் பிரதிநிதியாக இருந்தேன். இந்த வருடம் தலைவருக்கு நிற்கச் சொல்லித் தோழிகள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கும் ஆசைதான், இல்லை என்றால் பொய்.

ஹாஸ்டல் பையன்கள் ஒரு பேனல் வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் அவர்கள்தான் ஜெயிக்கிறார்கள். அவர்கள் என்னைக் கூப்பிட்டு, "நீ தனியா நின்னா தோத்துடுவ. எங்க பேனல்ல துணைத்தலைவரா வா, அடுத்த வருஷம் நீதான் தலைவர்" என்றார்கள். துணைத்தலைவர் என்பது எங்கள் கல்லூரியில் பெண்களுக்கென்று ஒதுக்கிவைத்த நாற்காலி மாதிரி. ஆண்டு விழாவில் பூங்கொத்து கொடுப்பதோடு வேலை முடிந்துவிடும். ஆனாலும் அடுத்த வருடம் கிடைக்கும் என்றால் பொறுத்துப்போகலாமா என்று யோசிக்கிறேன்.

இருபது வாக்குறுதிகள் எழுதி வைத்திருக்கிறேன். கேன்டீன் விலை, பஸ், நூலக நேரம், கழிப்பறை என்று எல்லாம் இருக்கிறது. ஆனால் மைக்கைப் பிடித்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அப்பா வேறு, "படிக்கப் போனியா, கட்சி நடத்தப் போனியா?" என்கிறார். நீங்கள் கல்லூரித் தேர்தல் அலுவலராக இருந்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன். நிற்கலாமா? நின்றால் என்ன செய்ய வேண்டும்?

க.

அன்புள்ள க.,

நில்லுங்கள். தலைவருக்கே நில்லுங்கள்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் அந்தப் பேனல் உங்களுக்குக் கொடுத்த வாக்குதான். இந்தியக் கல்லூரித் தேர்தல்களுக்கு லிங்டோ குழுவின் பரிந்துரைகள் என்று ஒன்று இருக்கிறது. தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்து ஓய்வுபெற்ற ஜே. எம். லிங்டோ தலைமையில், உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு அது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் இதெல்லாம் தொடங்கியது. குழு 2006 மே மாதம் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நடைமுறைப்படுத்தச் சொல்லி உத்தரவு போட்டது. அதில் ஒரு விதி: பேரவையின் நிர்வாகப் பதவிகளுக்கு ஒரு மாணவர் ஒரு முறைதான் போட்டியிடலாம். செயற்குழு உறுப்பினர் பதவிக்கு மட்டும் இரண்டு முறை.

துணைத்தலைவரும் நிர்வாகப் பதவிதான். ஆகவே இந்த வருடம் அதற்கு நின்றால், ஜெயித்தாலும் தோற்றாலும், உங்கள் ஒரே வாய்ப்பு தீர்ந்தது. அடுத்த வருடம் தலைவர் பதவிக்கு நீங்கள் மனு கொடுத்தால், இதே ஹாஸ்டல் பையன்களில் ஒருவர் வந்து ஆட்சேபம் தெரிவிப்பார், தேர்தல் அலுவலருக்கு அதைத் தள்ளுபடி செய்வதைத் தவிர வழியிருக்காது. அவர்கள் விதியைத் தெரிந்துகொண்டே சொன்னார்களா, தெரியாமல் சொன்னார்களா என்று ஆராய வேண்டாம். உங்கள் கல்லூரி லிங்டோ விதிகளைப் பின்பற்றுகிறதா என்று தேர்தல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியாக "பார்த்துக்கலாம்மா" என்று சொல்லப்பட்ட எதுவும் மனுப் பரிசீலனை நாளில் உதவாது.

பின்னாளில் மார்க்சிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளரான சீதாராம் யெச்சூரி 1977-78 காலத்தில் டெல்லியின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக (ஜேஎன்யூ) மாணவர் சங்கத்துக்கு மூன்று முறை தலைவரானார். லிங்டோ குழு சொன்னபடி பார்த்தால் அவருக்கும் ஒரு முறைதான். எனக்கு இந்த விதியில் பெரிய உடன்பாடு கிடையாது. நன்றாக வேலை செய்தவரை மாணவர்கள் மறுபடி தேர்ந்தெடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் விதி இருக்கிறது, அது இப்போது உங்களுக்குச் சாதகமாகவும் இருக்கிறது.

அதே அறிக்கையில் நீங்கள் பார்க்க வேண்டிய வேறு சில விஷயங்களும் உண்டு. போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக் கூடாது. அட்டெண்டன்ஸ் 75 சதவீதமாவது வேண்டும், அல்லது உங்கள் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் அளவு, எது அதிகமோ அது. இளங்கலை மாணவர்களுக்கு வயது 17 முதல் 22 வரை. செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைக் கொடுக்க வேண்டும். அச்சடித்த போஸ்டருக்கு அனுமதி இல்லை, கையால் எழுதியதைத்தான் ஒட்டலாம், அதுவும் கல்லூரி காட்டிய இடத்தில் மட்டும்.

இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று தோன்றும். சில சமயம் நீதிமன்றமே பார்க்கும். விதிகளை மீறியதாகச் சொல்லி ஜேஎன்யூ தேர்தலுக்கு 2008இல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த தேர்தல் 2012 மார்ச்சில்தான் நடந்தது. நடுவில் சேர்ந்து முதுகலை முடித்துப் போனவர்கள் ஓட்டே போடாமல் வெளியேறினார்கள். டெல்லி பல்கலைக்கழகத்தில் 2024 செப்டம்பர் 27 அன்று ஓட்டுப் பதிவானது. சுவர்களில் ஒட்டியதையும் பூசியதையும் சுத்தம் செய்யும்வரை எண்ணக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நவம்பர் 25 அன்றுதான் முடிவு வந்தது. இரண்டு மாதம் ஜெயித்தோமா தோற்றோமா என்று தெரியாமல் வகுப்புக்குப் போய்வருவதை நினைத்துப் பாருங்கள்.

சரி, அந்த இருபது வாக்குறுதிகளுக்கு வருவோம். பதினெட்டை அடித்துவிடுங்கள்.

பேரவையின் சட்டதிட்டம் என்று ஒரு சிறு புத்தகமோ நாலு பக்கத் தாளோ அலுவலகத்தில் இருக்கும். பெரும்பாலும் பேரவைப் பொறுப்பாசிரியரின் அலமாரியில் இருக்கும், அவரே திறந்து பார்த்து வெகுகாலம் ஆகியிருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். தலைவருக்கு எந்தக் குழுவில் இடம், எந்தச் செலவுக்குக் கையெழுத்து, யாரைக் கேட்காமல் கூட்டம் கூட்டலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். படித்துவிட்டு உங்கள் பட்டியலைப் பாருங்கள். கேன்டீன் விலை நிர்வாகத்துக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையிலான விஷயம், ஒப்பந்தம் முடியும் மாதத்தில் பேசினால் ஒருவேளை நடக்கும், நடுவில் போனால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பஸ் உங்கள் கையில் இல்லை, பிரின்சிபால் கையிலும் இல்லை. நூலக நேரத்துக்கு ஓர் ஊழியரின் கூடுதல் சம்பளம் வேண்டும். கழிப்பறைக்குத் தண்ணீர் வருவதும் தாழ்ப்பாள் வைப்பதும் ஒரு கோப்பில் முடிகிற வேலை, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் தேர்தல் அலுவலராக இருந்த ஒரு வருடம், நூலகம் முழுவதற்கும் ஏசி என்று ஒருவர் வாக்குக் கொடுத்தார். பயங்கரக் கைதட்டல். எதிரே நின்ற பையன் ஒன்றே ஒன்று சொன்னான்: இன்டர்னல் மார்க்கைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்டவைப்பேன், தப்பு இருந்தால் நீங்களே போய்க் கேட்கலாம். கைதட்டல் கொஞ்சம்தான். ஆனால் மார்க் தவறாகப் பதிவாகி ஒரு வருடம் அலைந்தவர்கள் ஒவ்வொரு துறையிலும் இருந்தார்கள். அவன் ஜெயித்தான், செய்தும் காட்டினான், ஏனென்றால் அதற்குப் பணமே தேவையில்லை. பிரின்சிபாலிடமிருந்து ஒரு சர்க்குலர் போதும். உங்கள் கல்லூரியில் அப்படிப்பட்ட விஷயம் எது என்று எனக்குத் தெரியாது. ஒரு வருடத்துக்கு மேல் வகுப்பில் உட்கார்ந்த உங்களுக்குத் தெரியும்.

பிரச்சாரத்துக்கு நாள் அதிகம் கிடைக்காது. மனு வாங்குவதிலிருந்து முடிவு அறிவிப்பதுவரை எல்லாம் 10 நாளுக்குள் முடிய வேண்டும் என்பது விதி. கல்வியாண்டு தொடங்கி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தேர்தலே வந்துவிடும். அதாவது முதலாண்டு மாணவர்கள் ஆய்வகம் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டுப் போடப்போகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு ஓட்டு அவர்களுடையது. ஹாஸ்டலில் சேர்ந்தவர்களைப் பேனல் முதல் வாரமே பிடித்துவிடும். வீட்டிலிருந்து வந்துபோகிறவர்களிடம் யாரும் போவதில்லை, மதியம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களை நிறுத்திப் பேசுவது கஷ்டம் என்பதால். மதியம் தொடங்கும் ஷிப்ட் இரண்டு இருக்கிற கல்லூரி என்றால் அந்த மாணவர்களையும் எல்லா வேட்பாளர்களும் மறந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஏற்கனவே தாங்கள் இந்தக் கல்லூரியின் சின்ன வீட்டுப் பிள்ளைகள் என்ற கோபம் உண்டு. போய் அவர்கள் குறையைக் கேளுங்கள். நீங்கள் பேச வேண்டியதே இல்லை, அவர்களே பேசுவார்கள்.

தொண்டை அடைப்பதற்கும் இதுவே மருந்து. தேர்தல் மைக்கில்தான் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஜேஎன்யூவில் தலைவர் வேட்பாளர்கள் இரவு நேரத்தில் மேடையேறி, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு, பறையடியும் கோஷமுமாக ஒரு விவாதம் நடத்துவார்கள். அது பார்க்க அருமையாக இருக்கும். உங்கள் கல்லூரியில் கிடைக்கப்போவது வகுப்புக்கு இரண்டு நிமிடம், பேராசிரியர் வாசலில் வருகைப் பதிவேட்டோடு காத்திருக்கும்போது. நான் பார்த்த வேட்பாளர்களில் பாதிப் பேர் அந்த இரண்டு நிமிடத்தில் முதல் நிமிடத்தை "மதிப்பிற்குரிய, பாசத்திற்குரிய" என்று வணக்கம் வைத்தே செலவழித்தார்கள். பெயர், துறை, செய்யப்போகும் இரண்டு விஷயம், அவ்வளவுதான். முதல் வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அது வந்துவிட்டால் மிச்சம் வரும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஓட்டுக் கேட்கப் போகும்போது, "உனக்கு எந்த ஊரு?" என்று யாராவது கேட்பார்கள். ஊரைத் தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதில்லை என்று உங்களுக்கே புரியும். அடுத்து, "ஊர்ல எந்தத் தெரு?" என்பார்கள். சாதியையோ மதத்தையோ சொல்லி ஓட்டுக் கேட்பதை லிங்டோ நடத்தை விதி தெளிவாகத் தடை செய்கிறது, ஆனால் இந்தக் கேள்விக்கு விதி ஒன்றும் செய்யாது. உங்கள் பக்கம் இருக்கிற நண்பர் ஒருவரே நோட்டுப் புத்தகத்தில் "நம்ம ஆளுங்க எத்தனை" என்று கணக்குப் போட்டு எடுத்து வருவார், நல்லெண்ணத்தில்தான். அந்தத் தாளை அங்கேயே கிழித்துவிடுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வருடம் முழுக்க அந்தக் கணக்குக்குக் கடன் கட்டினார்கள்.

எண்ணிக்கையன்று உங்கள் சார்பில் உட்காரப்போகிறவர் யார் என்பதை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். உணர்ச்சிவசப்படுகிற உயிர்த்தோழி வேண்டாம். ஒருமுறை ஒரு வாக்குச் சீட்டில் டிக் போட வேண்டிய கட்டத்தில் யாரோ ஓர் இதயம் வரைந்து, அதில் அம்பும் விட்டிருந்தார்கள். செல்லுமா, செல்லாதா? ஒரு தரப்பு, "டிக்னுதானே சார் எழுதியிருக்கு" என்றது. மறு தரப்பு, "யாருக்குன்னு தெளிவா தெரியுதே சார்" என்றது. வித்தியாசம் குறைவாக இருந்ததால் அந்த இதயத்தைச் சுற்றி ஆறேழு பேர் குனிந்து நின்று வாதாடிக்கொண்டிருந்தோம். எந்தக் குறி செல்லும், கட்டத்துக்கு வெளியே கோடு நீண்டால் என்ன என்று ஓட்டுப் பதிவுக்கு முந்தைய நாளே கேட்டுத் தெளிந்துகொண்ட ஏஜென்ட், அலறுகிற பத்துப் பேருக்குச் சமம்.

அப்பாவிடம் அட்டெண்டன்ஸையும் மார்க்கையும் காட்டுங்கள். அரியர் வைத்தவர் நிற்கவே முடியாது என்ற விதியைச் சொன்னால், அவரே லிங்டோவின் ரசிகராகிவிடுவார்.

தோற்றால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. பேனலுக்கு மட்டும் இந்த வாரமே பதில் சொல்லிவிடுங்கள், இழுக்க வேண்டாம். இழுத்தால் உங்கள் பெயரைத் தங்கள் பட்டியலில் எழுதி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டுவிடுவார்கள், அப்புறம் மறுத்துக்கொண்டே பாதி நாள் போய்விடும். வேட்புமனுவில் முன்மொழிபவர், வழிமொழிபவர் என்று இரண்டு கையெழுத்து கேட்டால், இரண்டும் உங்கள் வகுப்பிலிருந்தே வேண்டாம். வேறு துறையிலிருந்து ஒருவர், முடிந்தால் ஷிப்ட் இரண்டிலிருந்து ஒருவர். அவர்களுடைய அட்டெண்டன்ஸும் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கையெழுத்து வாங்குங்கள்.