சைட்டேஷனும் கோழிக்குஞ்சும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்துவிட்டு நோயெதிர்ப்பியலில் பிஎச்.டி. சேரப் போகிறேன். அப்பா ராசிபுரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். இரண்டு பேர் என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். ஒருவர் 25 வருட சர்வீஸ், 310 ஆராய்ச்சிப் பேப்பர், ஹெச்-இண்டெக்ஸ் (மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள், அதாவது சைட்டேஷன், காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் எண்) 52. இன்னொருவர் ஒரு மேடம், 38 பேப்பர்தான், ஹெச்-இண்டெக்ஸ் 14. மேடத்தின் பேப்பர்கள் இரண்டைப் படித்தேன், பிடித்திருந்தது. ஆனால் சீனியர்கள் எல்லாரும் “கூகுள் ஸ்காலர்ல பாரு, இதுல யோசிக்க என்ன இருக்கு” என்கிறார்கள். இந்த எண்களை எப்படிப் பார்க்க வேண்டும்? நீங்களும் சில வருடம் லேபில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கோழிப்பண்ணை என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். கம்போரோ என்ற கோழி நோயின் பெயரைக் கேட்டால் உங்கள் அப்பாவுக்கு வயிறு கலங்கும். செத்த குஞ்சை டாக்டரிடம் கொண்டுபோனால் அவர் அறுத்துப் பார்க்கும் இடங்களில் முக்கியமானது வாலடி. எச்சத்துவாரத்துக்கு மேலே சின்ன நெல்லிக்காய் அளவில் ஒரு பை ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் பர்ஸா. பிளந்தால் உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும். கம்போரோ தாக்கியிருந்தால் அது வீங்கி, சில சமயம் ரத்தப்புள்ளிகளோடு தெரியும். அந்த வைரஸ் அழிப்பது இந்தப் பையில் உள்ள செல்களைத்தான். அதனால்தான் பிழைத்துக்கொண்ட குஞ்சும் அப்புறம் போடுகிற மற்றத் தடுப்பூசிகளுக்குச் சரியாக ஈடுகொடுப்பதில்லை.

இந்தப் பையைப் பற்றி முதலில் எழுதியவர் இத்தாலியின் படுவா நகரத்தில் உடற்கூறியல் கற்பித்த ஃபேப்ரீஷியஸ். அவர் இறந்தபின் 1621-ல் அது அச்சில் வந்தது. அதற்குப் பிறகு முந்நூறு வருடத்துக்கு மேல் அந்தப் பை எதற்கென்று யாருக்கும் தெரியாது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர், உங்கள் வயதுதான் இருக்கும், இதைக் கையில் எடுத்தார். குஞ்சு பொரித்த முதல் சில வாரங்களில்தான் பை வேகமாக வளர்கிறது என்று கண்டு, அந்தக் காலத்திலேயே அறுத்து எடுத்துப் பார்த்தார். கோழிகள் பாட்டுக்கு வளர்ந்தன. ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் திமோத்தி சாங் என்ற சக மாணவர், வகுப்பில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) உண்டாவதைக் காட்டக் கொஞ்சம் கோழிகள் வேண்டுமென்று கேட்டு, கிளிக்கிடமிருந்து சிலவற்றை வாங்கிக்கொண்டு போனார். சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவை ஊசி போட்டார். சில கோழிகள் செத்துப்போயின, பிழைத்தவற்றின் ரத்தத்தில் ஆன்டிபாடியே இல்லை. பாடம் சொதப்பிவிட்டது. எந்தெந்தக் கோழி என்று திரும்பிப் போய்ப் பார்த்தால் எல்லாம் பர்ஸா எடுத்த கோழிகள்!

அதைத் திரும்பச் செய்து உறுதிப்படுத்தி, ஜாப் என்ற இன்னொருவரும் சேர்ந்து மூன்று பேராகக் கட்டுரை எழுதி சயன்ஸ் பத்திரிகைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்துவிட்டது. 1956-ல் அது வெளியானது பவுல்ட்ரி சயன்ஸ் என்ற கோழி வளர்ப்பு ஜர்னலில். மருத்துவ ஆராய்ச்சிக்காரர்கள் புரட்டிப் பார்க்கும் இடமே அல்ல. 1965-ல் மின்னசோட்டாவில் மேக்ஸ் கூப்பர், குழந்தை மருத்துவர், பர்ஸாவையும் தைமஸ் என்ற இன்னொரு உறுப்பையும் தனித்தனியாக எடுத்து, கோழிகளுக்குக் கதிர்வீச்சும் கொடுத்து, நோயெதிர்ப்பு இரண்டு தனிப் பாதைகளில் ஓடுகிறது என்று காட்டினார். நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் பி செல், டி செல் என்று நீங்கள் முதல் செமஸ்டரில் படித்தீர்களே, அதில் ‘பி’ பர்ஸாதான், ‘டி’ தைமஸ். மனிதர்களில் பி செல் உண்டாகும் எலும்பு மஜ்ஜைக்கும் (போன் மேரோ) ஆங்கிலத்தில் ‘பி’ வருவது தற்செயல். 2019-ல் கூப்பருக்கும், தைமஸின் வேலையைக் கண்டுபிடித்த ஜாக் மில்லருக்கும் லாஸ்கர் என்ற பெரிய மருத்துவ ஆராய்ச்சிப் பரிசு கிடைத்தது. கிளிக் அதற்குப் பத்து வருடம் முன்பே காலமாகிவிட்டார்.

இவ்வளவு நீட்டிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1958 வாக்கில் ஒரு கமிட்டி உட்கார்ந்து கிளிக்கின் பதிப்புப் பட்டியலைப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? கோழி ஜர்னல் கட்டுரைகள், அவ்வளவுதான். ஒரு ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டர் என்பது அதில் முந்தைய 2 வருடங்களில் வந்த கட்டுரைகள் இந்த வருடம் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்ற கணக்கு. கிளிக்கின் கட்டுரைக்கு உயிர் வர 9 வருடம் ஆனது. அந்த உயிரையும் கொடுத்தவர் இன்னொருவர். மேற்கோள் எண்ணிக்கை என்பது பின்னால் வந்தவர்கள் அந்தக் கட்டுரையை வைத்து என்ன செய்தார்கள் என்பதன் தடம். எழுதியவரின் மூளையை அது அளப்பதில்லை. (பல வருடம் ஒதுக்கப்பட்டு, பின்னால் கோவிட் தடுப்பூசிக்கு வழிவிட்ட கரிக்கோவின் எம்ஆர்என்ஏ ஆராய்ச்சிக் கதையை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அதனால்தான் இதைச் சொன்னேன்.)

இன்னொன்று. கோவிட் சமயத்தில் பி செல் பற்றி வந்த கட்டுரைகளைப் பாருங்கள், எதிலாவது கிளிக் 1956 மேற்கோளில் இருக்கிறதா? நான் படித்த எதிலும் இல்லை. ஒரு கண்டுபிடிப்பு முழுமையாக வென்றுவிட்டால் அது எல்லாருடைய சொத்தாகி, பெயரைச் சொல்வதே நின்றுவிடுகிறது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்டன் இதைப் பல வருடம் முன்பே எழுதியிருக்கிறார். மறுபக்கம், உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை எது தெரியுமா? புரதத்தை அளக்க லவுரி 1951-ல் எழுதிய செய்முறை, 3 லட்சம் தடவைக்கு மேல். நீங்களும் லேபில் அந்த நீல நிறத்தைப் பார்த்திருப்பீர்கள். பயன்பட்டது, சந்தேகமே இல்லை. ஆனால் அது ஒன்றும் பெரிய கட்டுரை அல்ல என்று லவுரியே ஒத்துக்கொண்டிருக்கிறார். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்டு வேக்ஃபீல்டு 1998-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. அதை மறுப்பதற்காக எழுதிய ஒவ்வொரு கட்டுரையும் அதன் சைட்டேஷனில் ஒன்றைக் கூட்டித்தான் வைத்தது.

ஹெச்-இண்டெக்ஸ் 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. உங்கள் மேடத்துக்கு 14 என்றால், தலா 14 மேற்கோளாவது வாங்கிய 14 கட்டுரைகள் இருக்கின்றன என்று பொருள். அதில் ஒன்றுக்கு 2,000 மேற்கோள் இருந்தாலும் 14 பதினான்குதான். வயது கூடக் கூட அது ஏறும், இறங்கவே இறங்காது. ஆகவே 25 வருடக்காரரின் 52-ஐயும் மேடத்தின் 14-ஐயும் பக்கத்தில் வைப்பதற்கு முன், மேடம் எத்தனை வருடமாக எழுதுகிறார் என்று பாருங்கள். அதை நீங்கள் எழுதவே இல்லை.

நான் இருந்த லேபைப் பற்றிக் கேட்டீர்கள். பெயர் வேண்டாம். அங்கே ஒரு வேலையை முடித்தால் அதை மூன்றாகப் பிரித்து மூன்று கட்டுரையாக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் “நம்ம பழைய பேப்பர்ல அஞ்சையாவது மேற்கோளா சேர்த்தாச்சா?” என்று கேட்பார்கள். நான் ஒருநாள் மதியம் முழுக்க, எலி மண்ணீரல் செல்களைப் பற்றிய கட்டுரையின் முன்னுரையில் சம்பந்தமே இல்லாத ஐந்து கட்டுரைகளுக்கு இடம் தேடி வாக்கியம் வளைத்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அந்த வருட அறிக்கையில் எங்கள் எண் நன்றாக ஏறியிருந்தது. இன்றைக்கும் அந்த ஐந்து வாக்கியங்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

310 பேப்பர் வைத்திருப்பவரும் அப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய குழு, பலரோடு கூட்டு வேலை என்றால் அந்த எண்ணிக்கை நேர்மையாகவே வரலாம். பின்னாளில் வெளிநாட்டில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை) தேடும்போது அவருடைய ஒரு கடிதம் கதவைத் திறக்கும், அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் 25 வருடத்தில் 310 என்றால் மாதம் ஒன்று. உங்கள் முதல் டிராஃப்டை அவர் உட்கார்ந்து வரி வரியாகத் திருத்துவாரா, அதற்கு நேரம் இருக்குமா? அவருடைய மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள், கேன்டீனில் வைத்துக் கேட்டால் சொல்வார்கள். அப்புறம் இரண்டு பேர் பட்டியலிலும் ரிவ்யூ கட்டுரைகளை (ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதுபவை) தள்ளிவிட்டு, மாணவர் பெயர் முதலில் வந்தவற்றை மட்டும் எடுங்கள். அந்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். மேடத்தின் கட்டுரைகளை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்பதையும் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அவரே என்றால் ஒரு கணக்கு. வேறு ஊர், வேறு நாட்டு லேப் ஒன்று அவருடைய முறையை எடுத்து வேலை செய்திருக்கிறது என்றால், பத்தே மேற்கோளாக இருந்தாலும், அது வேறு கணக்கு.

அந்த இரண்டு பேப்பரைப் படித்துப் பிடித்திருந்தது என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமாகப் பட்டது அதுதான். சீனியர்களில் யாராவது அதைச் செய்தார்களா? மேடத்தைப் பார்க்கப் போகும்போது அந்தக் கட்டுரைகளைக் கையோடு கொண்டுபோங்கள். புரியாத படம் ஒன்றைக் காட்டி, இந்தச் சோதனை முதல் தடவையே இப்படி வந்ததா, வராத தடவைகளில் என்ன ஆனது என்று கேளுங்கள். அவர் அதற்குச் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.