புதுத் தெர்மோமீற்றர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று காட்டுகிறது: பழுதா, திருப்பிக் கொடுக்கலாமா?

திருகோணமலை டவுன் பாமசியில் வாங்கிய டிஜிட்டல் தெர்மோமீற்றர் போட்டவுடன் "லோ" என்கிறது, கமக்கட்டில் வைத்தால் ஒருமுறை 36.1, அடுத்தமுறை 37.8 வருகிறது, தடிமன் காய்ச்சலை எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

"லோ" பழுதில்லை. உடம்புக்கான தெர்மோமீற்றர் பெரும்பாலும் 32 பாகை செல்சியசில்தான் தொடங்கும். அதற்குக் கீழே எண் காட்டாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியான வேளை நம்மூர் அறையே 33, 34 இருக்கும். அப்போது மேசையில் கிடந்தபடியே எண் காட்டும். இரண்டும் சரிதான்.

36.1, 37.8 விவகாரம் அநேகமாக வைக்கும் முறையில்தான். "பீப்" சத்தம், ஏற்றம் சில வினாடிகளுக்கு மந்தமானதும் வந்துவிடும். வியர்த்து, விசிறிக் காற்றுப் பட்ட கமக்கட்டின் தோல் குளிர்ந்திருக்கும். கையை மூடி வைத்தால்தான் மெல்ல உள்சூட்டுக்கு வரும். ஆகவே வியர்வையைத் துடையுங்கள். உலோக முனை குழியின் நடுவில், சட்டைத் துணி படாமல் இருக்கட்டும். கையை விலாவோடு ஒட்டி, பீப் அடித்தாலும் எடுக்காமல் 5 நிமிடம் பிடியுங்கள். நாக்கின் அடியில் வைப்பதென்றால் தேத்தண்ணீரோ ஐஸ் தண்ணீரோ குடித்து அரை மணித்தியாலம் போகட்டும். கமக்கட்டு வாயைவிட ஏறக்குறைய அரைப் பாகை குறைவாகக் காட்டும், இடத்தை மாற்றி மாற்றி அளந்தால் குழப்பம்தான். கமக்கட்டில் 37.5, வாயில் 38 வந்தால் காய்ச்சல். ஒவ்வொரு முறையும் நிறுத்திப் போடவேண்டும், ஏனென்றால் அது கண்ட உச்ச எண்ணையே பிடித்து வைத்திருக்கும். உதறுவது பாதரசக் காலத்துப் பழக்கம், இதில் பயனில்லை.

இனி உண்மையான பழுது. போட்டவுடன் திரையில் ஒரு கணம் எல்லாக் கோடும் எரிந்து 188.8 போல வரும். அதை உற்றுப் பாருங்கள். 8இன் வலது மேற்கோடு எரியாவிட்டால் அது 6 ஆகத் தெரியும். 38 காய்ச்சல் 36 என்று சுகமாகக் காட்டிவிடும்! எண் மங்கலாக இருந்தால், அல்லது பற்றரி அடையாளம் மின்னினால், பற்றரி போய்விட்டது. வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் கிடந்த சரக்கில் இது சகஜம். அநேகமாக எல்.ஆர்.41 பொத்தான் பற்றரிதான். மூடியைத் திறக்கும்போது சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம், விழுங்கினால் உடனே ஆஸ்பத்திரிதான்.

அளவு பிழையா என்று பார்க்க, பக்கத்து வீட்டில் நம்பகமான இன்னொன்றை இரவல் வாங்குங்கள். கோப்பையில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர், 38 அளவில். இரண்டு முனைகளையும் ஒரே ஆழத்தில் பிடித்து, தண்ணீரைக் கலக்கியபடி 2 நிமிடம். வித்தியாசம் 0.2க்குள் என்றால் விட்டுவிடலாம். 0.3க்கு மேல் போய், மூன்று முறையும் அப்படியே வந்தால் திருப்பிக் கொடுங்கள். கொதிநீர் வேண்டாம், முனை கெட்டுவிடும்.

கடைக்குப் போகும்போது பில், பெட்டி, அதிலுள்ள தொகுதி இலக்கம் மூன்றும் வேண்டும். "மருந்து திருப்பி எடுப்பதில்லை" என்பார்கள். குளிசைக்கு அது நியாயம், வீட்டில் எப்படி வைத்திருந்தீர்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. இது கருவி. அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள், வாக்குவாதத்தைவிட அது வேலை செய்யும். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள்; பொருள் வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்து முறைப்பாடு போகவேண்டும். பில் தராத கடையென்றால் கேட்டு வாங்குங்கள், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும்.

அதுவரை காய்ச்சலுக்கு, வேறு நோயில்லாத, 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கு 500 மி.கி. பரசிற்றமோல் குளிசை 2, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 24 மணித்தியாலத்தில் 8ஐத் தாண்டக்கூடாது. பல தடிமன் குளிசைகளிலும் பரசிற்றமோல் கலந்திருக்கும், உறையைப் பார்த்து அதையும் கணக்கில் சேருங்கள். டெங்கு உள்ள ஊர் என்பதால் இபுபுறுபன், டைக்ளோபினாக், அஸ்பிரின் வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் தெர்மோமீற்றர் என்ன சொன்னாலும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, இரத்தக்கசிவு என்றால் அதற்கும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.